வண்டி ஏறுமா என்று கேட்காத கோமளாக்கா

கோமளாக்காவின் ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கியது நான்தான். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அன்றைக்கே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் கணபதியில், எங்கள் வரிசையில் எட்டு வீடு. கடைசி வீடு அவருடையது, வாசலில் பச்சை ஜீப் நிற்கும். எனக்குப் பத்தாவதில் கணக்கு இரண்டாம் தடவையும் போய்விட்டது. ஊரில் யாராவது ஒருத்தராவது என்னைவிட மோசமாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காலையில் தண்ணீர் வண்டி வருவதற்கு முன்னாலேயே போய், ஒவ்வொரு வால்விலும் தீக்குச்சியைச் செருகி உஸ்ஸென்று விட்டுவிட்டு, எதிரில் முருங்கை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா வந்தார். நின்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேனா மாதிரி இருக்கிற காற்று அளக்கும் கேஜை எடுத்து நான்கு சக்கரத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்து, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்.

"கண்ணு, இடது பின்னாடி மூணு பவுண்டு அதிகமா நிக்குது. அதையும் எறக்கிப்போட்டுப் போயிரு. இன்னைக்கு ஆத்து மணல்ல ஓட்டோணும். அங்க போய்க் குனியற வேலை எனக்கு மிச்சம்."

காற்று குறைந்தால் டயர் சப்பையாகி மணலில் அகலமாக உட்காரும், புதையாது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு எதையாவது பிடுங்கியிருப்பேன். சாயங்காலம் ஜீப் திரும்பி வந்ததும் கால் பம்பை என் முன்னால் வைத்தார். "காப்பி குடிச்சுப்போட்டு முப்பது வரைக்கும் மிதி கண்ணு." நான்கு சக்கரம். இரண்டு நாளைக்கு என் நடை வேறு மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் தண்டனைக்குக்கூட முதலில் காப்பி உண்டு.

இந்த மரியாதைதான் கோமளாக்காவின் வாழ்க்கையைப் படுத்தி எடுத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் கூடப் போய்ப் பார்த்தது எதுவும் இல்லை. பாதி அக்கா சொன்னது. மீதி, சொட்டு மருந்து போட வரும் நர்ஸ் பாத்திமுத்து எங்கள் அம்மாவிடம் சொன்னது. இரண்டும் ஒரே இடத்தில் மட்டும் ஒத்துப்போகாது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அக்கா பிறந்தது அன்னூர்ப் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அவருடைய அண்ணன் டிராக்டரை வாய்க்காலில் கவிழ்த்த வருஷம் சாவி தங்கை கைக்கு வந்தது. கல்யாணமாகி கணபதிக்கு வந்தார். கணவர் சென்னகேசவன் மோட்டாருக்குச் செம்புக்கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். தோட்டங்களுக்கு மோட்டாரைத் தூக்கிப் போக உதவும் என்று ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். எடுத்த அன்றே அதை ஒரு மதில் சுவரோடு பேச வைத்துவிட்டார். "ஏனுங்க, சாவியைக் குடுங்க" என்று அக்கா கையை நீட்டினார். ஆம்பளைகள் கவிழ்த்த வண்டிகளாலேயே அவர் டிரைவர் ஆனார் என்று நான் சொன்னால் அம்மா அதட்டுவாள். ஆனால் சென்னகேசவன் மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "நான் வாங்குனது, அவ ஓட்டறா. எங்க ஊட்டுல எல்லாமே அப்படித்தான்" என்பார்.

மோட்டாருக்காக வந்த ஜீப் பிறகு வாடகைக்கும் போக ஆரம்பித்தது. விதை மூட்டை, சிமெண்ட், ஓட்டுப் பெட்டி, ஒருமுறை முழுசாக ஒரு கல் அம்மன். தார் ரோடு முடிகிற இடத்தில் மற்ற டிரைவர்கள் "இதுக்கு மேல கோமளாம்மாவைக் கூப்பிடுங்க" என்று இறங்கிக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் அக்கா ஒரு தப்புச் செய்துகொண்டிருந்தார். தெரியாத பாதைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அங்கே நிற்பவரிடம் "ஏனுங்க, இதுல வண்டி ஏறுமுங்களா?" என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "தாராளமா ஏறுமுங்க." ஏறாது என்றால் வந்தவருக்கு வருத்தம். வந்தவரை வருத்தப்படுத்துவது எப்படி?

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அரங்கசாமி என்பவரின் தென்னந்தோப்பில் இந்தப் பதிலை நம்பி இறங்கியதில், ஜீப் பாய்ச்சல் வாய்க்காலில் அச்சு வரைக்கும் போய்விட்டது. இரண்டு தென்னங்கன்றும் சாய்ந்தன. அரங்கசாமி முகம் சுளிக்கவே இல்லை. முதலில் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு ஜோடி மாட்டைக் கொண்டுவந்து கட்டினார்.

"இங்க புதையும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியுமுங்க. போன வாரம் என்ர டிராக்டரே புதைஞ்சுது."

"அப்புறம் ஏறும்னீங்க?"

"இத்தனை தூரம் வந்துட்டீங்க. மூஞ்சிக்கு நேரா ஏறாதுன்னு எப்படிங்க சொல்றது?"

அன்றிலிருந்து அக்கா யாரிடமும் ஏறுமா என்று கேட்பதில்லை. கடைசியாக இதில் போன வண்டி எது, அது என்றைக்குப் போனது, அன்றைக்கு மழை பெய்ததா, திரும்பி வந்ததா? இந்த நான்கையும் கேட்பார். இந்தக் கேள்விகளில் மரியாதைக்கு நுழைய இடமில்லை. பதில் சந்தேகமாக இருந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். காலுக்கு ஈரம் தெரிகிற இடம் டயருக்குச் சேறு என்பார்.

வண்டிக்குள் மண்வெட்டி, கயிறு, நாலு சாக்கு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. குடிக்கத் தண்ணீர். பொரிகடலை. குப்பைக்கென்று ஒரு பை. போகும்போது காலியாக இருக்கும், வரும்போது வாடகைக்கு வந்தவர்கள் வீசிய பிஸ்கட் காகிதம் வரைக்கும் அதில் இருக்கும். பாதை எவ்வளவு கெட்டிருந்தாலும் பழைய தடத்தை விட்டுப் பக்கத்தில் ஒதுங்கி ஓட்ட மாட்டார். ஒருத்தர் ஒதுங்கினால் அடுத்தவர் அதற்கும் பக்கத்தில் ஒதுங்குவார், கடைசியில் புல்வெளி முழுக்கப் பாதையாகிவிடும் என்பது அவர் கணக்கு. மலைக்குப் போகிற நாளில் டயர் மண்ணை வீட்டிலேயே சுரண்டிக் கழுவுவார். அடிவாரத்தில் தன் சக்கரத் தடத்திலேயே இரண்டு பக்கமும் பார்த்தீனியக் களை முளைத்து நிற்பதை ஒருமுறை பார்த்தாராம். "எங்கிருந்தோ வந்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கொண்டாந்தேன். கோடு போட்ட மாதிரி நிக்குது" என்றார்.

இதெல்லாம் பிறவியில் வந்த புத்தி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானது நாவப்பதியில் வந்தது.

ஆனைகட்டி ரோட்டிலிருந்து பிரிந்து காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் போனால் ஒரு பள்ளம் வரும். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். அதைத் தாண்டினால் நாவப்பதி, மலைவாழ் மக்களின் இருபத்து மூன்று வீடு. தொண்ணூற்று நாலில் அங்கே பால்வாடி கட்ட அக்காதான் சிமெண்ட் கொண்டு போனார். ஐந்து நடை. ஒவ்வொரு நடையும் ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். திரும்பும்போது, ஊரில் எல்லா டிரைவரும் செய்கிற மாதிரி, தண்ணீர் நடுவிலேயே நிறுத்தி வாளியால் அள்ளி ஊற்றி வண்டியைக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் மருதி என்ற பெண் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். அங்கே அவர்களுக்குள் அவர்கள் பாஷை. அக்காவிடம் பேசும்போது மட்டும் எங்கள் தமிழ், எங்களைவிட இரண்டு மடங்கு மரியாதையோடு.

மிச்ச மூட்டைகளோடு போன ஆறாவது நடையில்தான் அக்கா ஒன்றைக் கவனித்தார். பெண்கள் குடத்தோடு பள்ளத்துக்கு மேலே, வழுக்குப் பாறை ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் மருதியும் இருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தார்.

"ஏன் அம்மணி, அங்க ஏறிப் போறீங்க? முன்னெல்லாம் கீழதானே தண்ணி எடுத்தீங்க?"

"சும்மாதானுங்க."

"கால்ல என்ன?"

"சும்மா வழுக்கிடுச்சுங்க. டீ போடட்டுங்களா?"

அக்கா டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கீழே இறங்கிப் போனார். வண்டி கடக்கிற இடத்திலிருந்து முப்பது நாற்பது அடி கீழே, மணலைத் தோண்டி ஊற்று வைத்திருந்தார்கள். அதுதான் ஊருக்குக் குடிதண்ணீர். குனிந்து பார்த்தார். மேலே மயில் கழுத்து மாதிரி நிறம் நிறமாக ஒரு படலம். கையில் அள்ளி முகர்ந்தார். டீசலும் ஆயிலும்.

ஐந்து நடை டீ கொடுத்தவர்கள் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பால்வாடிக்குச் சிமெண்ட் கொண்டுவருகிற அம்மாவை மூஞ்சிக்கு நேராக எப்படிச் சொல்வது?

அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார். மறுநாள் ஜீப்பை உக்கடத்தில் மெக்கானிக் யாகூப்பிடம் விட்டார். அடியில் இருக்கிற அத்தனை ஆயில் சீலையும் மாற்றச் சொன்னார்.

"அக்கா, ஜீப்புன்னா ஒழுகும், மனுசன்னா தும்முவான். இதுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பாங்களா?" என்றார் யாகூப்.

"பாரு யாகூப்பு. ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி வருவேன்."

மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை அக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே யாகூப் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. மலைக்குப் போவதற்கு முன்னால் பனியன் வேஸ்ட் துணியும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு அடியில் புகுந்து துடைப்பார். காட்டில் நிறுத்தினால் என்ஜினுக்கு நேர்கீழே ஒரு தகரத் தட்டு வைப்பார். அதற்கு மாமா வைத்த பெயர் "பாப்பா தட்டு."

நாவப்பதிக்கு மட்டும் அவர் போகவில்லை. இரண்டு வருஷம்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் சொட்டு மருந்து நாள் வந்தது. ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போக வேண்டியிருந்ததால் தனியார் வண்டிகளையும் வாடகைக்கு எடுத்தார்கள். அக்காவுக்குக் கொடுத்த தாளில் நான்கு மலையூர்கள் இருந்தன. முதல் பெயர் நாவப்பதி, குழந்தைகள் பதினொன்று.

முந்தின நாள் அக்கா பஸ் ஏறி ஆனைகட்டி ரோட்டில் இறங்கி, நாலு கிலோமீட்டரும் நடந்தே போனார்.

"நாளைக்குப் போற ஊருக்கு இன்னைக்கே எதுக்குப் போற?" என்று மாமா கேட்டார்.

"ஒரு வாரமா மழைங்க. பாதை என்ன ஆச்சுன்னு பார்க்கோணும்."

பாதையைப் பார்க்க மட்டும் போகவில்லை என்பது மாமாவுக்கும் தெரிந்திருக்கும். குடையை எடுத்துக் கொடுத்தார்.

பாதை பரவாயில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தையும், ஓரம் சரிந்த ஒரு வளைவையும் மனதில் வைத்துக்கொண்டார். பள்ளத்தில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. நாளைக்கு ஜீப்பை இந்தப் பக்கம் மேட்டிலேயே நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கடந்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு குச்சியை ஓரத்தில் நட்டு, தண்ணீர் நிற்கிற இடத்தில் நகத்தால் கீறி வைத்தார். பிறகு மருதி வீட்டுக்குப் போனார்.

மருதி பழையபடியே பாய் போட்டார். முழங்காலில் தழும்பு இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி உங்க ஊத்துத் தண்ணியக் கெடுத்தது என்ர வண்டிதான்" என்றார் அக்கா.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே நிறுத்தியிருப்பேன் அம்மணி."

"தண்ணி அப்பப்ப அப்படித்தான் ஆகுமுங்க. மழை வந்தாச் சரியாயிருமுங்க."

"நாளைக்கு நான் ஏதாச்சும் தப்புப் பண்ணுனா சொல்வீங்களா?"

"நீங்க என்னங்க தப்புப் பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார் மருதி.

அக்கா என் அம்மாவிடம் சொன்னார்: "அவ என்னைய நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா வந்திருப்பேன். கதவை மரியாதையாச் சாத்திட்டா."

அன்று ராத்திரி மலையில் மறுபடி மழை.

காலையில் ஜீப்பில் மூன்று பேர். ஓட்டுகிறவர் அக்கா. பின்னால் மடியில் மருந்துப் பெட்டியோடு நர்ஸ் பாத்திமுத்து. முன்னால் சுகாதார ஆய்வாளர் அழகிரிசாமி. நல்ல மனிதர்தான், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிறந்தவர். தார் ரோடு முடிந்ததும் அக்கா இறங்கி டயர் காற்றைக் குறைத்தார், முன் சக்கரத்தின் ஹப்பைத் திருப்பி நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தார். அழகிரிசாமி அதற்கு ஆன ஆறு நிமிஷத்தையும் குறித்துக்கொண்டார்.

பள்ளத்துக்கு வந்தால், குச்சியே இல்லை. தண்ணீர் தொடை வரைக்கும் ஏறி, செம்மண் நிறத்தில் வேகமாக ஓடியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து கடந்தால் நர்ஸையும் பெட்டியையும் கீழே எங்காவதுதான் பொறுக்க வேண்டும். ஜீப்பானால் தாண்டிவிடும். அது அக்காவுக்கே தெரியும். அதுதான் பிரச்சினை.

"ஐஸு எத்தனை நேரம் தாங்குமுங்க?" என்று கேட்டார் அக்கா.

"திறக்காம இருந்தா நாளைக்கு வரைக்கும் தாங்கும். அழகிரிசாமி சாருதான் தாங்க மாட்டாரு" என்றார் பாத்திமுத்து.

"மூணு மணி நேரம் நின்னா தண்ணி எறங்கிருமுங்க சார்."

"மூணு மணி நேரமா? ஏனுங்கம்மா, இன்னும் மூணு ஊரு இருக்குது. கடைசி ஊருப் பாதையில அஞ்சு மணிக்கு மேல யானை எறங்கிரும், வண்டி போக முடியாது. அங்க பதினாலு புள்ளைங்க. இங்க நின்னா அங்க விட்டுப்போகும். உங்க வண்டி தாண்டாதுங்களா?"

"தாண்டுமுங்க."

"அப்புறம்?"

"கீழ இவங்க குடிக்கற தண்ணி இருக்குதுங்க."

"அட, ஓடற தண்ணிங்க அது! ஒரே தடவைதானே? வெள்ளத்துல எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிரும். நான் உங்களைக் கொறை சொல்லலைங்க, அந்தப் பதினாலு புள்ளைங்களையும் நெனைச்சுப் பாருங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கோமளாக்கா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சீல் புதுசு. அடி துடைத்தது நேற்று. ஒரே தடவை. இந்த ஒரே தடவைகள்தான் ஐந்து நடையாக ஆனதும் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் பதினாலு பிள்ளைகள். சின்ன கியரில் போட்டார். கிளட்சை விட ஆரம்பித்தார்.

எதிர்க்கரையில் மருதி நின்றிருந்தார். ஊரில் பாதிப் பேர் பின்னால் நின்றார்கள், குழந்தைகள் இடுப்பில். வண்டி நகர்ந்ததும் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் கையைக்கூட ஆட்டினார், வாங்க வாங்க என்று.

அப்போதுதான் மருதி தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் வரைக்கும் வந்து, வண்டி வரவேண்டிய தடத்தில் நேராக நின்றுகொண்டார்.

"எறக்காதீங்க!"

தண்ணீர்ச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்டதா, பார்த்தது போதுமா, தெரியாது. பிரேக்கை மிதித்துவிட்டார்.

பாத்திமுத்துவும் அக்காவும் ஒத்துப்போகாத இடம் இதுதான். முன் சக்கரம் தண்ணீரைத் தொடவே இல்லை, ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது என்பார் பாத்திமுத்து. நனைந்தது, தானே இறங்கிப் பார்த்ததாக அக்கா சொல்வார். யாராவது தன் பக்கம் தப்பு என்று இப்படி அடித்துப் பேசி நான் பார்த்ததில்லை. நானெல்லாம் கையில் தீக்குச்சி இருக்கும்போதே இல்லை என்பவன்.

அழகிரிசாமி ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏம்மா, மருந்து உங்க புள்ளைங்களுக்குத்தானே கொண்டாரோம்!"

"மருந்து ரெண்டு சொட்டுங்க!" என்று மருதியும் கத்தினார். "தண்ணி தெனமும் குடிக்கோணும்!"

அழகிரிசாமி பதிலுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இல்லை.

மருதி கரையேறி, மேல் பக்கமாகக் கையைக் காட்டினார். பெண்கள் குடத்தோடு ஏறிப் போகிற பாறைகள். அங்கே பள்ளம் குறுகி இரண்டு பாறைக்கு நடுவே ஓடுகிறது, ஒரு எட்டு எடுத்து வைத்தால் தாண்டிவிடலாம், ஆனால் வழுக்கும். அக்கா ஜீப்பைப் பின்னால் எடுத்து மேட்டில் நிறுத்தினார். அடியில் பாப்பா தட்டை வைத்தார். கயிற்றையும் சாக்குகளையும் எடுத்துக்கொண்டு ஏறினார். இந்தக் கரையில் ஒரு மரத்தில் முதலில் சாக்கைச் சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டினார், பட்டை அறுந்துவிடக் கூடாது என்று. மறுமுனையை எறிந்தார். அங்கே அவர்கள், யாரும் சொல்லாமலேயே, சாக்கு எங்கே என்றார்கள். இரண்டு சாக்கைச் சுருட்டி எறிந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் பெட்டி, பிறகு பாத்திமுத்து, பிறகு அக்கா. நாற்பது நிமிஷம். அழகிரிசாமி வண்டிக்குக் காவல் என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டார்.

அன்றைக்குக் கடைசி ஊருக்கு நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பதினாலு பிள்ளைகளுக்கும் போட்டாகிவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கவலையோடேயே படிப்பீர்கள்.

பால்வாடித் திண்ணையில் பாத்திமுத்து சொட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் அவர் விரலைக் கடித்தான். எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. கோமளாக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், சேலை இடுப்பு வரைக்கும் ஈரம். மருதி பக்கத்தில் வந்து நின்றார். தலையை நிமிர்த்தாமல் நின்றார். ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு விருந்தாளியைக் கத்தி நிறுத்திவிட்டார், அதுதான்.

"கோவிச்சுக்கிட்டீங்களா?" என்றார்.

"இல்ல அம்மணி. இன்னும் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க."

மருதி ஒரு குழந்தை முடிந்து அடுத்த குழந்தை வருகிற வரைக்கும் யோசித்தார்.

"அந்த மேட்டுல நிறுத்தியிருக்கீங்களே," என்று ஆரம்பித்தார். "அங்கதான் எங்க ஆடு மேயுமுங்க. வண்டி நின்னா புல்லு செத்துருமுங்க."

"செரி. எங்க நிறுத்தட்டும்?"

"பாதையோரமா ஒரு பாறை இருக்குதுங்க. அதுக்கு மேல நிறுத்துங்க. பாறைக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா பாத்திமுத்துவிடம் பேனா வாங்கினார். குழந்தைகள் கணக்கு எழுதும் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"அப்புறம் சிமெண்டு வந்தப்ப வேலியோரமா வளைச்சீங்க. அங்க நாங்க ராகி வெதைச்சிருந்தோமுங்க."

"அய்யோ. தெரியலையே அம்மணி."

"அன்னைக்கு நீங்கதானுங்களே கேட்டீங்க, இங்க திருப்பட்டுங்களான்னு. திருப்புங்கன்னு நான்தான் சொன்னேன்." இதைச் சொல்லும்போது மருதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்துவிட்டது. பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் வந்து, சரிந்த வளைவில் இன்னும் உள்பக்கமாக ஓட்டினால் மேலும் மண் விழாது என்றார். இன்னொரு பெண், வழியில் அரணைக் கல் என்கிற பாறைக்குப் பக்கத்தில் மயில் முட்டை வைக்கும், அங்கே இறங்கி நடக்காமல் இருந்தால் நல்லது என்றார். இரண்டு வருஷமாக ஒருத்தரும் வாய் திறக்காத ஊர். இப்போது வரிசையில் நின்றார்கள். சொட்டு மருந்துக்குக்கூட அப்படி நிற்கவில்லை என்று பாத்திமுத்து சொன்னார்.

"முக்கியமா அந்த மூங்கில் காட்டு வளைவுல ஹாரன் அடிக்காதீங்க. யானை கன்னு போட்டிருக்குது" என்றார் மருதி.

அக்கரையிலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, இரண்டு தடவை. அழகிரிசாமிக்கு நேரமாகிவிட்டது.

"இதையும்தானுங்க" என்றார் மருதி.

அக்கா அதையும் எழுதினார். தாள் நிரம்பிவிட்டது. கடைசி வரியை ஓரத்தில் சாய்த்து எழுத வேண்டியிருந்தது.

"அவ்வளவுதானுங்களா?"

மருதி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

"மழைக்காலத்துது முடிஞ்சுதுங்க" என்றார் மருதி. "வெயில்காலத்துது இன்னும் ஆரம்பிக்கலை."

கோமளாக்கா பாத்திமுத்துவிடம் இன்னொரு தாள் கேட்டார்.